கணக்கில் வராத பெட்டிகள்

பெட்டிக்கார அக்காவின் காதுபட "இது பழசாயிடுச்சு" என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் அன்றைக்குச் சொன்னவர் பாடு திண்டாட்டம்தான். "பழசுன்னா? ஓடலையா? ஓடுதுல்ல? அப்புறம் என்ன?" என்று பிடித்துக்கொள்வாள். பதில் வரும்வரை விடமாட்டாள்.

பல் மருத்துவர் ஒருவரின் மாடிப்படிக்குக் கீழே அவள் கடை. கடை என்பதே கொஞ்சம் மிகை. நிமிர்ந்து நின்றால் தலையில் படி இடிக்கும். சுவர் முழுக்க வயிறு திறந்த கணினிப் பெட்டிகள், மேசைமேல் ஒரு தூசி ஊதும் குழாய், அவள் உதட்டோரத்தில் எந்நேரமும் இரண்டு திருகாணி. அலுவலகங்கள் தூக்கி எறியும் கணினிகளை வாங்கிவந்து, தூசி தட்டி, செத்ததை மாற்றி, உயிர் கொடுத்து விற்பது தொழில். வாங்குகிறவர்கள் தையற்கடைக்காரர், ஜெராக்ஸ்காரர், பார்சல் ஆபீஸ்காரர் போன்ற ஆட்கள். புதிதாக வாங்க வக்கிருந்தால் அவர்கள் ஏன் மாடிப்படிக்குக் கீழே குனியப் போகிறார்கள்?

அந்தப் பெட்டிகளில் அவள் போட்டுக் கொடுப்பது ஓர் இலவச இயங்குதளம், அதாவது கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள். கம்பெனிச் சரக்கு இல்லை. ஆர்வக் கோளாறு பிடித்த பத்திருபது பேர், வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபின் உட்கார்ந்து கட்டியது. யாரும் உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம், ஊருக்கே நகலெடுத்துக் கொடுக்கலாம். அந்தக் கூட்டத்தில் இவளும் ஒருத்தி. திரையில் வருகிற வாக்கியங்களை நல்ல தமிழில் எழுதுவது அவள் பங்கு. அந்த இயங்குதளத்தில் பழைய கணினிகளுக்கென்றே தனியாக ஒரு பதிப்பு உண்டு. அவள் பிழைப்பே அதில்தான் ஓடியது.

இயங்குதளத்தை நிறுவும்போது நடுவில் ஒரு கேள்வி வரும். 'நீங்கள் எந்தெந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறீர்கள் என்ற விவரத்தை வாரம் ஒருமுறை எங்களுக்கு அனுப்பலாமா? உங்கள் பெயரும் முகவரியும் போகாது. வேண்டாம் என்றால் உங்களுக்கு எந்தக் குறையும் வராது.' கீழே இரண்டு பொத்தான்கள், 'சரி' என்று ஒன்று, 'வேண்டாம்' என்று ஒன்று. பேசாமல் எண்டரைத் தட்டினால் 'வேண்டாம்' என்றே விழும். ஆளாகப் பார்த்து, மனசார 'சரி' என்று நகர்த்தினால்தான் விவரம் போகும். இந்த மூன்று வரியை எழுதியவள் அவள். பொத்தான் 'வேண்டாம்' மேல்தான் நிற்க வேண்டும் என்று அன்றைக்குக் கூட்டத்தில் சண்டை போட்டு நிறுத்தியவளும் அவளே.

அதற்குக் காரணம் இருந்தது. முன்பு ஒரு நிறுவனத்தில் தட்டச்சு வேலை பார்த்தாள். அங்கே ஒவ்வொருவர் கணினியிலும், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மென்பொருள் உட்கார்ந்திருந்தது. யார் எவ்வளவு வேகமாக அடிக்கிறார்கள், எத்தனை தடவை இருக்கையை விட்டு எழுகிறார்கள், எல்லாம் மேலாளர் திரையில் போய் விழும். மகள் வயிற்றில் இருந்த சமயம். அடிக்கடி கழிப்பறைக்குப் போனதை அந்த மனிதர் சிவப்புக் கோடு போட்ட படமாக்கி, எல்லோர் முன்னாலும் சுவரில் காட்டினார். அவள் அழவில்லை. "உங்க வீட்டம்மா மாசமா இருந்தப்பவும் இப்படித்தான் படம் போட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அதற்கப்புறம் ஒருவரிடமும் அவள் சம்பளத்துக்கு வேலை பார்க்கவில்லை.

இப்படிப்பட்டவளிடம்தான் ஒருநாள் காலையில் அவள் தம்பி அந்தச் செய்தியைக் கொண்டுவந்தான். பெட்டிகளைத் தூக்குவது, கொண்டுபோய்ப் பொருத்துவது, வாடிக்கையாளரிடம் வாயடிப்பது எல்லாம் அவன் வேலை. மூன்றாவதில் கெட்டிக்காரன்.

"அக்கா, பழைய பெட்டிப் பதிப்ப நிறுத்தப் போறாங்களாம்."

"எவன் சொன்னான்?"

"தலைவர்தான். குழுவுக்கே எழுதியிருக்கார். அத யாருமே பயன்படுத்தறதில்லையாம்."

"யாருமேவா? இந்தத் தெருவ வந்து ஒரு தடவ பாத்துட்டுப் போகச் சொல்லு."

தலைவர் என்பது கேலியாக வைத்த பெயர். அந்தப் பத்திருபது பேரை மேய்க்கிறவர் அவர். வெளியீடு எப்போது, அதில் என்னென்ன இருக்கும் என்று முடிவு செய்கிற பாரம் அவர் தலையில். கெட்டவர் இல்லை, களைத்தவர். அக்கா அப்போதே அவரைக் கூப்பிட்டாள்.

"நான் என்னக்கா பண்ணட்டும்?" என்றார் அவர். "ஒரு பதிப்புன்னா ஒவ்வொரு தடவையும் கட்டணும், சோதிக்கணும். அத செஞ்சிட்டிருந்த பையனுக்கும் கல்யாணம் ஆயி ஆளையே காணோம். வாராவாரம் வர்ற அறிக்கையப் பாத்தா அந்தப் பதிப்புல ஓடற பெட்டி விரல் விட்டு எண்ணிடலாம்."

"அறிக்கை வரலன்னா ஆள் இல்லன்னு அர்த்தமா?"

"எனக்கு வேற எது கண்ணுக்குத் தெரியுது, சொல்லுங்க. அடுத்த கூட்டத்துக்குள்ள எண்ணிக்கை ஏறட்டும், பேசுவோம்."

பதிப்பை நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. பெட்டிகள் அன்றைக்கே நின்றுபோகாது. புதிய திருத்தங்கள் வராது. கொஞ்ச காலத்தில் பாதுகாப்பு ஓட்டைகள் பெருகும், ஒவ்வொரு இணையதளமாக முகத்தில் கதவைச் சாத்தும். தையற்கடைக்காரர் எப்படியாவது சமாளிப்பார். சமாளிக்க முடியாத இடம் ஒன்று இருந்தது.

இரண்டு தெரு தள்ளிப் பெண்கள் இல்லம். அடி தாங்காமல் வீட்டை விட்டு வந்தவர்கள் அங்கே தங்கியிருந்தார்கள். மாடியில் ஒரு நீள அறை, வரிசையாக அவள் கொடுத்த பெட்டிகள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒலிப்பதிவுகளைக் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்து அனுப்புவார்கள். கைக்கு வருகிற கூலியை வைத்துத்தான் ஒவ்வொருத்தியும் தனியாக ஓர் அறை பார்த்துக்கொண்டு வெளியேற முடியும். இணையம் கதவைச் சாத்தினால் அந்த வேலை போச்சு. வேலை போனால் பாதிப் பேர் திரும்பிப் போக வேண்டியது அதே வீட்டுக்கு.

"சரி, நம்ம பெட்டி இவ்வளவு ஓடுதே, ஏன் அறிக்கைல வரல?" என்றான் தம்பி.

அவள் அலமாரியிலிருந்து தாய் டிஸ்க்கை எடுத்தாள். ஒவ்வொரு பெட்டியிலும் உட்கார்ந்து முதலிலிருந்து நிறுவிக்கொண்டிருந்தால் பிழைக்க முடியுமா? ஒரே ஒரு டிஸ்க்கில் எல்லாவற்றையும் நிறுவி, பக்குவப்படுத்தி, அதை அப்படியே நகலெடுத்து எல்லாப் பெட்டியிலும் போடுவது அவள் வழக்கம். அந்தத் தாய் டிஸ்க்கில் கேள்வி வந்தபோது எண்டரைத் தட்டிவிட்டுப் போனதும் அவளே. 'வேண்டாம்'.

"அப்ப நீயும் யாரையும் கேக்கலையேக்கா. எல்லாருக்கும் சேத்து நீயே பதில் சொல்லியிருக்க."

சுருக்கென்றது. டீ குடித்த கிளாஸை மேசைமேலேயே வைத்ததற்காக அவனைக் கிழி கிழியென்று கிழித்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, கேட்க வேண்டியவர்களைக் கேட்கக் கிளம்பினாள்.

ஜெராக்ஸ்காரர் காதிலேயே வாங்காமல் "சரி சரி, போட்டுக்கோ" என்றார். அவள் விடவில்லை. அவர் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி, மூன்று வரியையும் படித்துக் காட்டி, மறுபடி கேட்டாள். வரிசையில் நின்றவர்கள் அவளை முறைத்தார்கள். பார்சல் ஆபீஸ்காரர், "நீ சொன்னா எனக்கு சரிதான்க்கா" என்றார்.

"நான் சொன்னாங்கறது இருக்கட்டும். உனக்குச் சரியா?"

"இதென்ன கல்யாணப் பேச்சு மாதிரி இருக்கு" என்று சிரித்துவிட்டு, "சரி" என்றார்.

தையற்கடைக்காரருக்குத் தன் வாடிக்கையாளர்களின் அளவெல்லாம் வெளியே போய்விடுமோ என்று பயம். போகாது என்று அவள் புரியவைப்பதற்குள் ஒரு சட்டைக்குக் காலரே வைத்துவிட்டார். அவளிடம் பெட்டி வாங்கியிருந்த நூலகர் மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே யோசித்து, "வேண்டாம்மா. இங்க உக்காந்து என்ன பண்றாங்கன்னு நான் யாருக்கும் சொல்றதில்ல" என்றார். அவளுக்கு ஏமாற்றம்தான். வாதாட வாயெடுத்தவள், நாக்கைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

இல்லத்துக்குக் கடைசியாகப் போனாள். அங்கே எல்லாவற்றையும் கவனித்துக்கொள்ளும் அம்மாவை இல்லத்தம்மா என்பார்கள். சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து இறக்காத மனுஷி. அக்கா சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"பேர் போகாது. முகவரி போகாது. அப்படித்தான?"

"ஆமாம்மா."

"இங்க எத்தன பெட்டி ஓடுது, எந்த வாரம் ஓடல, அது?"

அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. "அது தெரியும்."

"மாடில இருக்கற ஒரு பொண்ணோட புருஷன் கம்ப்யூட்டர் வேலைலதான் இருக்கான். ரெண்டு தடவ வாசல் வரைக்கும் வந்துட்டான். அவன் கைக்கு எது எப்படிப் போய்ச் சேரும்னு எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. இங்கேர்ந்து ஒரு துரும்பு வெளிய போகக் கூடாது. எனக்கு வேண்டாம்."

அப்படி ஒருவன் அந்த அறிக்கையிலிருந்து இந்த வீட்டைக் கண்டுபிடிக்க வழியே இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் அதைத் தன்னால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க முடியுமா என்று யோசித்தாள். முடியாது.

"சரிம்மா. வேண்டாம்னா வேண்டாம்தான்."

"வேண்டாம்னு சொன்னதால பெட்டி நின்னுடாதே?"

"நிக்காதும்மா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். தெருவுக்கு வந்தபிறகுதான் எவ்வளவு பெரிய வாக்கைக் கொடுத்துவிட்டோம் என்று உறைத்தது. கையில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலேயே கொடுத்திருந்தாள்.

அடுத்த வார அறிக்கை வந்தது. 'சரி' என்று சொன்ன எல்லாப் பெட்டியும் இந்நேரம் கணக்கில் ஏறியிருக்க வேண்டும். தம்பி திரையைப் பார்த்தான், கண்ணைக் கசக்கினான், மறுபடி பார்த்தான்.

"அக்கா, ஏறியிருக்கு."

"எவ்வளவு?"

"ஒண்ணு."

அவள் அவனைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். ஒன்றுதான். தெருவெல்லாம் அலைந்து, திட்டு வாங்கி, வரிசையை நிறுத்திக் கேட்டதற்குப் பலன் ஒன்று. காரணம் தேடப் பாதி நாள் ஆனது. கிடைத்தபோது தலையிலேயே அடித்துக்கொண்டாள். அறிக்கை அனுப்பும் பெட்டிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. பெயருக்குப் பதிலாக, சும்மா குலுக்கிப் போட்ட எண். நிறுவும்போது ஒரே தடவைதான் அது பிறக்கும். இவளோ தாய் டிஸ்க்கில் பிறந்த அந்த ஒற்றை எண்ணை எல்லாப் பெட்டிக்கும் நகலெடுத்துக் கொடுத்திருந்தாள். கடைத்தெருவே திரண்டு போய்க் கையைத் தூக்கியும், அந்தப் பக்கம் தெரிந்தது ஒரே கை.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கோபம் முற்றினால் வருமே, அந்தச் சிரிப்பு. தம்பி ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டான்.

எண்ணை மாற்றுமுன் இன்னொரு தடவை கேட்டுவிட மறுபடியும் கடைகடையாக ஏறி இறங்கினாள். "என்னக்கா, போன வாரம்தான சம்மதம் சொன்னேன். அதுக்குள்ள மறந்துட்டியா?" என்று ஜெராக்ஸ்காரர் கிண்டலடித்தார். பார்சல் ஆபீஸ்காரர், யோசித்துப் பார்த்ததில் வேண்டாமென்று தோன்றுகிறது என்று பின்வாங்கிவிட்டார். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இருந்தும் அவர் முன்னாலேயே 'வேண்டாம்' என்று மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

இந்தத் தடவை எண்ணிக்கை ஒழுங்காக ஏறியது. போதவில்லை. கூட்டத்துக்கு முந்தின நாள் தம்பி மெதுவாக ஆரம்பித்தான்.

"இல்லத்துப் பெட்டிங்களையும் சேத்தா கணக்கு நேராயிடும். போகவே வேண்டாம். பழுது பாக்கறதுக்கு இணையம் வழியா உள்ள போக நம்மகிட்ட எல்லாப் பெட்டிக்கும் சாவி இருக்கு, இங்க உக்காந்தே மாத்திடலாம். அவங்க நல்லதுக்குத்தானக்கா. அவங்களுக்குத் தெரியக்கூடப் போறதில்ல."

"குழாய் ரிப்பேர் பண்ண வீட்டுச் சாவி குடுத்தா, பீரோவத் திறந்து பாப்பியா நீ?"

"அவங்க பெட்டி நின்னு போச்சுன்னா?"

"நின்னா, நான் போய் அந்தம்மா மூஞ்சிய நேராப் பாத்துச் சொல்லிட்டு வரேன். திருட்டுத்தனமாக் காப்பாத்திட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பாக்கறது?"

அந்தக் குரல் வந்தால் பேசக் கூடாது என்று தம்பிக்குத் தெரியும்.

கூட்டம் திரையில் நடந்தது. கட்டங்களில் முகங்கள், சிலர் பின்னால் துணி உலர்த்தும் கொடி, ஒருவர் மடியில் பூனை. தலைவர் எண்ணிக்கையைப் படித்தார். ஏறியிருக்கிறது, பாராட்டுகள், ஆனாலும் ஒரு பதிப்பைத் தாங்க இது பற்றாது என்றார். அப்போது பூனைக்காரர் கையைத் தூக்கினார். பகலில் விளம்பர நிறுவனத்தில் வேலை பார்ப்பவர், பேச்சில் வெண்ணெய் தடவியிருக்கும்.

"இதுக்குச் சுலபமா ஒரு வழி இருக்கு. பொத்தான் இப்ப 'வேண்டாம்' மேல நிக்குது. அத 'சரி' மேல நிறுத்துவோம். யாரையும் கட்டாயப்படுத்தல. பிடிக்காதவங்க மாத்திக்கட்டும். எண்ணிக்கை தானா ஏறும், அக்காவோட பதிப்பும் பிழைச்சுக்கும்."

எல்லா முகமும் மலர்ந்தது. தலைவர்கூடப் பெருமூச்சு விட்டார். "அக்கா, இதுல உங்களுக்குத்தான் முதல் லாபம். என்ன சொல்றீங்க?"

'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இல்லத்து மாடி அறை பிழைத்துவிடும், கொடுத்த வாக்கும் நிற்கும். அவள் அதை யோசிக்காமல் இல்லை. ஒரு நிமிஷம் முழுக்க யோசித்தாள். இணைப்பு அறுந்துவிட்டதோ என்று தலைவர் "கேக்குதா?" என்றார்.

"நல்லா கேக்குது" என்றாள். "படிக்காம எண்டர் தட்டிட்டுப் போவாங்கன்னு தெரிஞ்சுதான இத சொல்றீங்க? அசந்தவன் பையில கை விடற மாதிரி. அதுக்குக் கேள்வியே கேக்க வேண்டாமே, பேசாம எடுத்துக்கலாமே."

"அப்படி இல்லக்கா..."

"இருங்க, முடிக்கல. வேண்டாம்னா உங்களுக்கு எந்தக் குறையும் வராதுன்னு அங்க எழுதியிருக்கு. எழுதினது நான். சரின்னு தலையாட்டினது நீங்க அத்தன பேரும். அத நம்பி 'வேண்டாம்'னு சொன்னாங்க. இப்ப அவங்க பெட்டியத்தான் முதல்ல நிறுத்தறோம். அப்ப நாம எழுதினது பொய். கணக்குல வரலங்கறதுக்காக ஆளே இல்லன்னு சொல்ற வேலைய நீங்க செய்யாதீங்க. நான் ஏற்கனவே ஒரு இடத்துல எல்லாக் கணக்குலயும் இருந்து பாத்துட்டேன். அங்கயும் என்னை யாரும் ஆளா மதிக்கல."

தலைவர் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். கடைசியில் அவர் கேட்டது நியாயமான கேள்விதான்.

"சரிக்கா, பொத்தான் அங்கேயே நிக்கட்டும். ஆனா பதிப்ப யாரு கட்டறது? நேரா சொல்லட்டுமா? எண்ணிக்கை சாக்குதான். எனக்கு ஆள் இல்ல."

"இத முதல்லயே சொல்லியிருக்கலாமே. நான் கட்டறேன்."

"ஒவ்வொரு வெளியீட்டுக்குமா? உங்களுக்கு அந்த வேலை தெரியாதே."

"தெரிஞ்சுக்கறேன்."

"உடம்புக்கு முடியாமப் போனா?"

"தம்பி இருக்கான்."

பின்னால் தம்பிக்குப் புரையேறியது.

சொல்லிவிட்டாளே தவிர, அந்த வேலை அவளைப் பிழிந்து எடுத்தது. இருப்பதிலேயே பழைய பெட்டி ஒன்றில் கட்ட ஆரம்பித்தாள். அது பாதியில் சூடேறி அணைந்தது. அடுத்தது, முடிகிற நேரத்தில் ஏதோ ஒன்று கிடைக்கவில்லை என்று படுத்துக்கொண்டது. முன்பு அந்தப் பதிப்பைக் கட்டிக்கொண்டிருந்த பையனைத் தேடிப் பிடித்து, அவன் மனைவியிடம் முதலில் அனுமதி வாங்கி, சந்தேகம் கேட்டாள். கடையில் வேலை தேங்கியது. வாடிக்கையாளர் சிலர் கோபித்துக்கொண்டு வேறு இடம் போனார்கள். "உனக்கு எதுக்குக்கா இந்த வீம்பு?" என்று தம்பி தினம் கேட்டான். கேட்டுக்கொண்டே, அவள் கொடுத்த பெட்டிகளில் சோதித்துச் சோதித்துப் பிழைகளை அவளிடம் சொன்னான். ஒருவழியாக, கட்டியது ஓடியது. வெளியீட்டில் அவள் பதிப்பும் மற்றவற்றோடு சேர்ந்து வந்தது.

தாய் டிஸ்க்கையும் புதிதாகச் செய்தாள். கேள்விக்கு முந்தின படியிலேயே நிறுத்தி நகலெடுத்தாள். இனி யார் பெட்டியோ அவரே முதல்முறை திறக்கும்போது அவரிடமே கேட்கும், அடையாள எண்ணும் அங்கேதான் பிறக்கும்.

இல்லத்து மாடி அறையில் புதிய பதிப்பை ஏற்றிய அன்று இல்லத்தம்மாவும் வந்து நின்றார். பெண்கள் ஹெட்போனைக் கழுத்தில் இறக்கிவிட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். கேள்வி திரையில் வந்தது. அக்கா நாற்காலியை விட்டு எழுந்து, "நீங்களே சொல்லுங்கம்மா" என்றாள். அந்தம்மா நின்றபடியே மூன்று வரியையும் வாய்விட்டுப் படித்தார், எண்டரைத் தட்டினார். பெட்டிக்குப் பெட்டி அப்படியே தட்டிக்கொண்டு போனார். பெண்கள் ஹெட்போனை மாட்டினார்கள். அறை முழுக்கத் தட்டும் சத்தம் எழுந்தது. அக்கா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

படியிறங்கும்போது தலைவர் கூப்பிட்டார். வெளியீட்டு அறிவிப்பு எழுதிக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒவ்வொரு பதிப்பையும் எத்தன பேர் பயன்படுத்தறாங்கன்னு போடறேன். அறிக்கைல வராததையும் சேத்து உங்களோடத எவ்வளவுன்னு போட?"

"தெரியாது."

"தோராயமா?"

"தோராயமும் தெரியாது. கேட்டேன், சில பேரு சொல்ல மாட்டேன்னுட்டாங்க. அப்படியே போடுங்க."